பின்னால் வருகிறவர்கள்

கஃபன் கோடித் துணியின் ஒரு முனையை உம்மா பிடித்துக்கொள்ள, மறுமுனையை நோர்ஹயா கிழித்துக்கொண்டிருந்தபோது வாப்பாவின் போன் அடித்தது.

"எடுக்காத," என்றார் வாப்பாவின் தம்பி சமாத். "மௌத்தாப் போனவனுக்கு என்ன போன்?"

"ராணுவச் சாவடி, சாச்சா. மணி ஏழு."

விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு முன்னால் வாப்பாவின் உயிர் போயிருந்தது. ஏழு மணிக்கு ராணுவச் சாவடியிலிருந்தும் ஏழரைக்குக் கிளர்ச்சி இயக்கத்தின் சாவடியிலிருந்தும் அவருக்கு அழைப்பு வருவது பதினொரு வருட வழக்கம். போர் நிறுத்தத்தைக் கண்காணிக்கும் குழுவுக்கு அவர் உள்ளூர் ஆள். அதற்காக அவருக்குக் கிடைத்தது ஒரு மஞ்சள் கையில்லாச் சட்டையும் இந்தப் போனும்தான். சதுப்புச் சாலையில் யார் போனாலும், என்ன வண்டி, என்ன நிறம், எத்தனை பேர் என்று இரண்டு சாவடிக்கும் எழுதி அனுப்புவார். இரண்டு பேரும் 'சரி' என்று பதில் போட்ட பிறகுதான் வண்டி நகரும். கல்யாணமானாலும் பிரசவ வலியானாலும் அதுதான் சட்டம்.

இன்று அவரே அந்தச் சாலையில் போக வேண்டும். கபர்ஸ்தான் இரண்டு சாவடிகளையும் தாண்டி இருந்தது. மாலை அஸர் தொழுகைக்குள் அடக்கியாக வேண்டும்.

ராணுவச் சாவடியின் சார்ஜன்ட் அல்பீசோவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு அவள் போனை வைத்ததும் சாச்சா ஆரம்பித்தார்.

"எதுக்கு இவ்வளவு மொறை? நேரா போயிருவோம். மையத்தப் பாத்துமா சுடுவான்?"

"கல்யாண ஜீப்பப் பாத்தே சுட்டாங்களே, சாச்சா."

உம்மா கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

ஆறு வருடங்களுக்கு முன் நடந்தது அது. நீல ஜீப் என்று வாப்பா தகவல் கொடுத்திருந்தார். வழியில் அது மக்கர் செய்ததால் எல்லோரும் சிவப்பு ஜீப்புக்கு மாறினார்கள். டிரைவர் போன் செய்தபோது வாப்பா லுஹர் தொழுகையில் இருந்தார். சலாம் கொடுத்துத் திரும்பி அவர் போனைப் பார்ப்பதற்குள் இரண்டு சாவடிகளும் சுட்டு முடித்திருந்தன. ஐந்து பேர் செத்தார்கள். மணிலாவிலிருந்து விசாரிக்க வந்தவர்களிடம் இரண்டு தரப்பும் எதிராளியைக் கைகாட்டின. இன்னொரு சண்டைக்கு ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது வாப்பா தன் அறிக்கையை எழுதினார்: தகவல் தாமதம், தவறு என்னுடையது. அந்த ஒரு வரி இரண்டு தரப்புக்கும் அவ்வளவு பிடித்துப்போயிற்று. சமாதானம் பிழைத்துக்கொண்டது. வாப்பாதான் பிழைக்கவில்லை என்று நோர்ஹயாவுக்குத் தோன்றும். சோற்றில் கை வைத்தவர் சட்டென்று எழுந்து போய் சாலையைப் பார்ப்பார். "யாருங்க?" என்பாள் உம்மா. "யாருமில்ல" என்று வந்து உட்காருவார். சோறு அப்படியே இருக்கும்.

அன்றைக்கு இயக்கத்தின் சாவடிக்குப் பொறுப்பாக இருந்தவன் நோர்ஹயாவின் அண்ணன் முதாலிப். அதன் பிறகு அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, வாப்பாவும் வா என்று கூப்பிடவில்லை. ஆனால் தினமும் ஏழரைக்கு இருவரும் பேசிக்கொண்டார்கள். அவன் 'அமைதி' என்பான். இவரும் 'அமைதி' என்பார். அவ்வளவுதான் பேச்சு.

ஏழரைக்குப் போன் அடித்தது.

"அமைதி," என்றது முதாலிப் காக்காவின் குரல்.

"காக்கா, நான் நோர்ஹயா."

"எப்ப?"

"சுபுஹுக்கு முன்ன. தூக்கத்துலயே."

"எத்தன பேரு வர்றீங்க?"

"நீ தோள் குடுப்பியா காக்கா?"

"எழுத்துல அனுப்பு," என்றான். "வண்டி கலரப் பாத்து எழுது."

அழுகையைவிட ஆத்திரம்தான் அவளுக்கு முதலில் வந்தது. வாசலுக்குப் போனாள். பக்கத்து வீட்டு பிக்கப் தலை முதல் கால் வரை சேறாக நின்றது. வெள்ளை என்று தெரிந்திருந்தும் முக்காட்டின் நுனியால் கதவைத் துடைத்துப் பார்த்தாள். வெள்ளைதான். பிறகு ஆட்களை எண்ண ஆரம்பித்தாள்.

"பதினாலு. வாப்பாவச் சேத்தா பதினஞ்சு."

"மையத்து எப்படி ஆளாகும்?" என்றார் சாச்சா. "சாவடியில தலைய எண்ணுவானுங்க. ஒண்ணு ஒசந்தாலும் வம்பு, கொறஞ்சாலும் வம்பு."

"அவரு ஆளு இல்லாம என்ன, மூட்டையா?" என்றாள் உம்மா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

நோர்ஹயா யோசித்து எழுதினாள்: வெள்ளை பிக்கப், ஆட்கள் பதினாலு, மையத்து ஒன்று, ஆயுதம் இல்லை, பகல் இரண்டு மணி. வாப்பாவின் எண்ணிலிருந்தே அனுப்பினாள். ராணுவம் உடனே 'சரி' என்றது. இயக்கத்தின் சாவடி, குளிப்பாட்டித் தொழுகை முடித்து வண்டியில் ஏற்றும்வரை வாய் திறக்கவில்லை. இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தது: சரி.

பெண்கள் கபருக்குப் போவதில்லை என்று சாச்சா முணுமுணுத்தார். தகவல் கொடுத்தவர் முன் சீட்டில் இருக்க வேண்டும் என்பது கல்யாண ஜீப்புக்குப் பிறகு வாப்பா வைத்த விதி. அவள் ஏறி முன்னால் உட்கார்ந்தாள்.

ராணுவச் சாவடியில் சார்ஜன்ட் அல்பீசோ எண்ணினார். நின்று யோசித்துவிட்டு இன்னொரு தடவை எண்ணினார்.

"டீச்சர், பதினாலுதானா?"

"பதினாலுதான்." எங்கே பிசகினோம் என்று மனசுக்குள் வண்டியை, நிறத்தை, நேரத்தை ஓட்டிப் பார்த்தாள்.

"தப்பில்ல, டீச்சர். இந்த ஆறு வருஷமா உங்க அப்பா எப்பவும் அஞ்சு பேரக் கூட்டித்தான் அனுப்புவாரு. ஏழு பேரு வந்தா பன்னெண்டுன்னு இருக்கும். மொதல் தடவ எல்லாரையும் எறக்கி வண்டியவே கொடஞ்சு பாத்தேன். 'மிச்ச பேரு பின்னால வர்றாங்க, கொஞ்சம் தொறந்தே வைங்க சார்ஜன்ட்'னாரு. அப்புறம் எனக்கே புரிஞ்சிருச்சு." அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "ஒரு சிகரெட் நேரம் தொறந்து வைப்பேன். இன்னிக்கு சரியா பதினாலுன்னு பாத்ததும், எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு."

சாச்சா முகத்தைத் திருப்பி நாணல்களைப் பார்த்தார். வண்டி மெதுவாக நகர்ந்தது. பன்னிரண்டு நிமிடச் சாலை அது. ஒரு மாடுகூடக் குறுக்கே வரவில்லை. அவள் இரண்டு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தாள், பார்த்ததற்காகத் தன்னையே கடிந்துகொண்டாள்.

இயக்கத்தின் சாவடியில் தடுப்பு மூங்கிலுக்கு முன்னால் முதாலிப் நின்றான். கையில் துப்பாக்கி இல்லை. தாடி பாதி நரைத்திருந்தது. மையத்தைப் பார்க்காமல் ஆட்களை மட்டும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தான். உதடு அசைந்தது.

"பதினாலுன்னு எழுதியிருக்க," என்றான் அவளிடம்.

"பதினாலுதான், காக்கா."

"பத்தொம்போது," என்றான்.

குரலில் கோபமில்லை. வகுப்பில் தப்பைத் திருத்துகிற மாதிரிச் சொன்னான். அவன் கண்களைப் பார்த்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியாம எழுதிட்டேன், காக்கா."

அவன் தலையசைத்தான். மூங்கிலின் கயிற்றை இழுத்து மேலே தூக்கிப் பிடித்திருந்த தன் ஆளிடம் திரும்பினான்.

"எறக்காத."

"எவ்வளவு நேரம், கமாண்டர்?"

முதாலிப் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். சாச்சா விலகி இடம் கொடுக்க, வண்டியிலிருந்து இறக்கிய சந்தூக்குப் பெட்டியின் முன்பிடியைத் தோளில் வாங்கிக்கொண்டான். அவர்கள் கலிமா சொல்லிக்கொண்டே வரப்பில் இறங்கி நடந்தார்கள். நோர்ஹயா வண்டியோரம் நின்றுவிட்டாள்.

கலிமாவின் சத்தம் தேய்ந்தது. காவலாள் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அவர்கள் வந்த சாலையையே பார்த்தபடி நின்றான்.