கேட்காமலே சொன்ன பதில்

ஞானஜோதி சென்னைக்குக் குடிபோன அன்று அவளை வழியனுப்ப சிவகாசி ஸ்டேஷனுக்கு வந்தவர்களில் அதிகம் அழுதவள் பாண்டிலட்சுமிதான். அந்த அழுகை பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பதினாறு வருஷமாக ஒரே காலண்டர் பிரஸ்ஸில், ஒரே பலகையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, தேதிக் கட்டுகளை அட்டையில் ஒட்டி வந்தவர்கள். ஒருத்தி டப்பாவில் என்ன குழம்பு என்பது திறப்பதற்கு முன்பே இன்னொருத்திக்குத் தெரியும். ரயில் நகர்ந்த பிறகும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள் பாண்டிலட்சுமி.

ஆனால் ஜோதியைப் போகச் சொன்னவளும் அவளேதான்.

ஜோதியின் புருஷன் சாம்சுந்தர் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறவன். மருந்துப் பெட்டி அச்சடிக்கும் கம்பெனி ஒன்று அம்பத்தூரில் கூப்பிட, முதலில் அவன் மட்டும் போனான். ஆறு மாதம் கழித்து, வீடு பார்த்துவிட்டேன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்று சொன்னபோது ஜோதிக்கு மனசு ஒப்பவில்லை. வேலை விட்டுப் பஸ்ஸுக்கு நடக்கும்போது கேட்டாள்.

“நீ சொல்லு பாண்டி. போகவா, வேண்டாமா?”

“போகாம? அவரு அங்கன, நீ இங்கனன்னு எம்புட்டு நாளைக்கு இருப்பே? ஜெமிமாவுக்கும் நல்ல பள்ளிக்கூடமா கெடைக்கும். ஆயுசு பூராம் இந்தப் பசை வாடையிலயே கெடக்கணும்னு இருக்கா?”

சொன்னதெல்லாம் நியாயம்தான். சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. பைண்டிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்ளும் பத்திரகாளியக்கா தை மாதத்தோடு வேலையை விடப்போகிறாள். அந்த இடம் உங்கள் இரண்டு பேரில் ஒருத்திக்குத்தான் என்று மானேஜர் ஜெயச்சந்திரன் முன்பே சொல்லியிருந்தார். ஜோதி ஒரு வருஷம் சீனியர். கணக்குப் பிழை இல்லாமல் கட்டு எண்ணுவாள். கையெழுத்தும் அழகு. அவள் இருந்தால் யாருக்குக் கிடைக்கும் என்பதில் பாண்டிலட்சுமிக்குச் சந்தேகமே இல்லை. அதற்காகத்தான் போகச் சொன்னோமா, அது இல்லாவிட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்போமா என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். அவளுக்கே பிடிபடவில்லை.

போன புதிதில் ஜோதி தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணினாள். பாண்டிலட்சுமி டப்பாவை எடுத்துக்கொண்டு குடோன் படியில் போய் உட்கார்ந்து பேசுவாள்.

கொரட்டூரில் மாடி வீடு. வெளியே இரும்புப் படி, உள்ளே ஒரு அறை, ஒரு அடுப்படி. காலையில் ஆறு மணிக்கு வீட்டுக்காரம்மா மோட்டார் போடுவாள், ஆறரைக்கு நிறுத்திவிடுவாள். அதற்குள் இருக்கிற வாளி, குடம், டிரம் எல்லாம் நிரப்பியாக வேண்டும். குடிக்கிற தண்ணீர் கேனில் வரும். கேன்காரன் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வரமாட்டான், கீழேயே வைத்துவிட்டுப் போய்விடுவான். விருந்தாளி வந்தால் வீட்டுக்காரம்மா படியடியில் கிடக்கும் செருப்பை எண்ணிப் பார்த்துவிட்டு, எத்தனை நாள் என்று கேட்பாள்.

“கேஸ் கனெக்‌ஷன் மாத்துறதுக்கு நாலு தடவ நடந்துட்டேன் பாண்டி. அட்ரஸுக்கு என்ன ஆதாரம்ங்கான். நானே நேர்ல வந்து நிக்கேன், அதவிட என்ன ஆதாரம்னு கேக்கத் தோணுச்சு. கேக்கல.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

ஒரு நாள், அம்பத்தூர் பஸ் எங்கன நிக்கும் என்று ஒரு கடையில் கேட்டிருக்கிறாள். கடைக்காரன் பக்கத்தில் நின்றவனைப் பார்த்து, “எங்கனயாம்” என்று சொல்ல, இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். கேலி கூட இல்லை, சும்மா சிரிப்புதான் என்றாள் ஜோதி. அதற்குப் பிறகு வாயைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு வார்த்தையையும் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறாளாம். ஜெமிமாவும் பள்ளிக்கூடத்தில் பேசுவதே இல்லை என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னாளாம்.

ஞாயிற்றுக்கிழமை போகிற சர்ச் பெரியது. ஃபேனே நூறு இருக்கும். மூன்று மாதமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள், பேர் என்ன என்று ஒருத்தர் கேட்கவில்லை. “நம்மூர்ல ஒரு வாரம் போகலன்னா போதகர் ஐயாவே வீட்டுக்கு வந்துருவாரு, காச்சலான்னு கேட்டு. இங்கன நான் செத்தாக்கூட அந்த பெஞ்சுல வேற ஆளு உக்காந்துரும்.”

சாம்சுந்தர் காலையில் ஏழுக்குப் போனால் ராத்திரி ஒன்பதாகும். ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் ஓவர்டைம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தால் சாயங்காலம் வரைக்கும் பேச ஆளில்லை. தள்ளுவண்டிக்காரனிடம் வேண்டாத காய்க்கெல்லாம் விலை கேட்கிறாளாம், ஒரு குரல் கேட்கட்டுமே என்று.

ஆடி பிறந்து அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளோடு புது ஆல்பம் வெளியானதும் சிவகாசியில் காலண்டர் சீசன் சூடுபிடித்தது. ஆர்டர் வந்து குவிந்தது. சாப்பாட்டு நேரம் அரை மணியிலிருந்து இருபது நிமிஷமானது. ஜோதியின் போன் வந்தால் பாண்டிலட்சுமி ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே “ம்” கொட்டினாள். சில நாள் எடுக்கவில்லை. தண்ணீர்க் கதையைத்தான் மறுபடியும் சொல்லப்போகிறாள் என்று நினைத்துக்கொள்வாள்.

ஐப்பசியில் மழை தொடங்கிய ஒரு நாள் ஜோதி கூப்பிட்டாள். குரல் தணிந்திருந்தது.

“தெருவுல முட்டளவு தண்ணி. ரெண்டு நாளா கரண்ட் இல்ல. அவரு கம்பெனியிலயே தங்கிட்டாரு. நானும் பிள்ளையும் படியில உக்காந்து தண்ணியப் பாத்துக்கிட்டே இருக்கோம் பாண்டி.”

“வடிஞ்சிரும், பயப்படாத.”

“பயமெல்லாம் இல்ல. என்னால முடியல, அம்புட்டுதான். நீ மானேஜரிட்ட ஒரு வார்த்த கேளேன். என் பழைய எடம்தான் வேணும்னு இல்ல. எங்கன போட்டாலும் சரி. பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துர்றேன். அவரு இன்னும் ஒரு வருஷம் பாத்துட்டு வரட்டும். நானாக் கேக்க வாய் வரல. பெருமையாச் சொல்லிட்டுல வந்தேன்.”

“கேட்டுச் சொல்றேன்” என்றாள் பாண்டிலட்சுமி.

கேட்கத்தான் போனாள். மானேஜர் அறை வாசல் வரைக்கும் போனாள். ஜெயச்சந்திரன் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஆள் பத்தாமல் ஆனைக்குட்டம் பக்கத்திலிருந்து தினமும் ஒரு வேன் நிறையப் பெண்களைக் கூட்டிவந்துகொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு வேன் போட முடியுமா என்றுதான் அவர் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற பாண்டிலட்சுமியைப் பார்த்து, என்ன என்று தலையை அசைத்தார்.

“ஒண்ணுமில்ல சார். கோந்து தீந்துருச்சு” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவளே போன் பண்ணினாள்.

“கேட்டேன் ஜோதி. இப்பம் எடம் இல்லன்னுட்டாரு.”

அந்தப் பக்கம் யாரோ தரைத் தண்ணீரைப் பெருக்கித் தள்ளும் ஓசை கேட்டது.

“சரி பாண்டி. நீ கேட்டதே போதும்” என்றாள் ஜோதி.

அந்த வார்த்தை பாண்டிலட்சுமியைப் பல நாள் தூங்கவிடவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம், மானேஜர் மனசு மாறிவிட்டார் என்று ஒரு பொய்யைச் சொல்லியாவது வரவழைத்துவிடலாம் என்று நினைத்து நினைத்தே கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. ஜோதியின் போன் வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று ஆனது. பேசினாலும் அவள் தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் நல்லாயிருக்கீகளா என்று கேட்பாள், வைத்துவிடுவாள்.

தை முடிந்து பத்திரகாளியக்கா வேலையை விட்டாள். பீரோ சாவியைப் பாண்டிலட்சுமி கையில் கொடுத்துவிட்டு, “ஜோதி இருந்திருந்தா அவளுக்குத்தான் குடுக்கச் சொல்லியிருப்பேன். நீயும் நல்லாத்தான் பாப்பே” என்றாள். வெள்ளந்தியாகச் சொன்னாள். பாண்டிலட்சுமி சிரித்துச் சமாளித்தாள்.

பங்குனியில் பாண்டிலட்சுமியின் அண்ணன் மகளுக்கு ஆவடியில் வளைகாப்பு வந்தது. லாரி ஓட்டும் புருஷன் சுந்தரபாண்டிக்கு லோடு இருந்ததால் அவள் மட்டும் கிளம்பினாள். விசேஷம் முடிந்து இரண்டு நாள் ஜோதி வீட்டில் தங்குவது, நடந்ததை நேரில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். முந்தின நாளே சாத்தூர் போய்க் காரச்சேவு வாங்கிவைத்துக்கொண்டாள். ஜோதிக்கு அது உயிர்.

கொரட்டூர் ஸ்டேஷனில் ஜோதி காத்திருந்தாள். இளைத்திருந்தாள். தலையை ஏற்றிப் பின்னியிருந்தாள். “வா, வா” என்று கையைப் பிடித்தவள், பையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். பாண்டிலட்சுமியால் கூடவே நடக்க முடியவில்லை. படியேறி இறங்குவதற்குள் நாலு பேர் இடித்துவிட்டுப் போனார்கள். ஜோதி யார் மேலும் படாமல் கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து போனாள். வழியில் கீரைக்காரியிடம், “இன்னாக்கா, நேத்து ஆளையே காணோம்” என்று கேட்டாள். அது ஜோதியின் குரல்தானா என்று பாண்டிலட்சுமி திரும்பிப் பார்த்தாள்.

இரும்புப் படியருகே வீட்டுக்காரம்மா நின்றிருந்தாள். “யாரும்மா இது? எத்தினி நாளு?”

“ஊர்க்காரங்க. சாயங்காலம் கிளம்பிருவாங்க” என்றாள் ஜோதி.

இரண்டு நாள் தங்குவதாகப் பாண்டிலட்சுமி போனில் சொல்லியிருந்தாள். மறந்துவிட்டாளோ என்று நினைத்தாள். ஜோதி திரும்பிப் பார்க்காமல் மாடியேறியதிலேயே, மறக்கவில்லை என்று தெரிந்துவிட்டது.

சாப்பாடு குறையில்லாமல் இருந்தது. மீன் குழம்பு, முட்டை, ரசம். அன்றைக்கு லீவு போட்டிருந்த ஜோதி, பரிமாறிக்கொண்டே இப்போது போகிற வேலையைப் பற்றிச் சொன்னாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் போடுகிற கம்பெனி. பன்னிரண்டு பெண்கள். பக்கத்தில் உட்காருகிற நெல்லூர்க்காரிக்குத் தமிழ் அரைகுறை, இவளுக்குத் தெலுங்கு சுத்தமாகத் தெரியாது, ஆனாலும் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். சர்ச்சிலும் இப்போது இரண்டு பேர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

“பரவால்ல, பழகிருச்சு” என்றாள்.

பாண்டிலட்சுமி சாப்பிடுவதை நிறுத்தினாள். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, “ஜோதி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கி நான் மானேஜரிட்ட…” என்று ஆரம்பித்தாள்.

“கேக்கல. தெரியும்.”

பாண்டிலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். ஜோதி ரசக்கரண்டியைக் கீழே வைத்தாள். முகத்தில் கோபம் இல்லை.

“பி.எஃப். பேப்பருக்காக நானே மானேஜருக்குப் போன் போட்டேன். நீ சொல்லி ஒரு வாரம் இருக்கும். அவராவே கேட்டாரு, என்னம்மா, வாரியா, ஆள் பத்தாம திண்டாடுறோம்னு. பாண்டி ஒங்ககிட்ட ஒண்ணும் கேக்கலியா சார்னேன். இல்லியேன்னாரு.”

“அப்பம்… எடம் இருக்குன்னு தெரிஞ்சும் ஏன் வரல?”

“வாறதுக்குத்தான் இருந்தேன். பெட்டியக் கூட எறக்கி வச்சேன். பெறகு யோசிச்சேன். வந்தா ஒனக்கு எதுத்தாப்புலதான உக்காரணும். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒன் மொகத்தப் பாத்துக்கிட்டு, தெரியாத மாதிரி இருக்கணும். அதுக்கு இந்த ஊரே மேலுன்னு தோணிருச்சு.”

பாண்டிலட்சுமி அழுதாள். அந்த இடத்துக்கு ஆசைப்பட்டது, கோந்து தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஜோதி குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், “அந்த வேலை வேணும்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எடுத்துக்கோன்னு நானே விட்டிருப்பேனே பாண்டி” என்றாள். “தண்ணி ஊத்துறேன், கையக் கழுவு.”

மன்னிக்கச் சொல்லிக் கேட்க பாண்டிலட்சுமிக்கு வாய் எழவில்லை. மன்னித்துவிட்டேன் என்று ஜோதியும் சொல்லவில்லை.

நாலரை மணிக்கு ஜெமிமா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். வளர்ந்திருந்தாள். ஊரில் பாண்டிம்மா, பாண்டிம்மா என்று மடியில் ஏறி உட்கார்ந்த பிள்ளை. “ஹாய் ஆன்ட்டி, எப்ப வந்தீங்க?” என்று கேட்டுவிட்டு, காரச்சேவை ஒரு கை அள்ளிக்கொண்டு, சரளமாக யாரிடமோ போனில் பேசியபடி வெளியே போனாள்.

ஜோதி ஸ்டேஷன் வரைக்கும் வந்தாள். டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். லேடீஸ் பெட்டி எங்கே நிற்கும், எந்தப் பக்கம் இறங்க வேண்டும், எழும்பூருக்கு எங்கே மாற வேண்டும் என்று விவரமாகச் சொன்னாள். ஒருமுறை சொன்னதையே இன்னொருமுறையும் சொன்னாள், தானும் ஒரு காலத்தில் இதையெல்லாம் தெரியாமல் நின்றவள் என்பதால். ரயில் வந்ததும் பையை ஏற்றிக் கொடுத்துவிட்டு, “போய்ச் சேந்து போன் போடு” என்றாள். ரயில் கிளம்புவதற்குள் கூட்டம் அவளை மறைத்துவிட்டது.

மறுநாள் வீடு வந்து சேர்ந்ததும் பாண்டிலட்சுமி போன் பண்ணினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்த ஜோதி, உட்கார இடம் கிடைத்ததா என்று விசாரித்தாள். சுந்தரபாண்டி அண்ணனைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். வேலைக்கு நேரமாயிற்று என்று வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் நல்ல நாள், பெரிய நாளுக்கு இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. சாப்பிட்டியா, மழையா, பிள்ளை எப்படி இருக்கா என்று எல்லாம் உண்டு. இந்த வருஷமும் சீசன் ஆரம்பித்துவிட்டது. பாண்டிலட்சுமி செக்‌ஷனை ஒரு புகாரும் இல்லாமல்தான் நடத்துகிறாள். மத்தியானம் எல்லாரும் கும்பலாகச் சாப்பிட உட்காரும்போது, அவள் மட்டும் டப்பாவை எடுத்துக்கொண்டு, முன்பு ஜோதியோடு போனில் பேசிய குடோன் படிக்குப் போகிறாள். சூப்பர்வைசர் ஆனதும் பெருமை வந்துவிட்டது என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்கள்.