சோறு இறங்கவில்லை என்று சொன்னேன்

நான் பொய் சொல்லுகிறவள் இல்லை. கொஞ்சம் கூட்டிச் சொல்லுவேன், அவ்வளவுதான். அதைப் பொய் என்கிறவர்கள் ஒரு கல்யாண வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

என் பெயர் செல்லியம்மா. சித்தூரில் கல்யாணப் பெண்களுக்குப் புடவை கட்டிவிடுவதும் முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவதும் என் தொழில். வயது ஐம்பத்து மூன்று. ஆனாலும் நேற்றுப் பிறந்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆண்பிள்ளைகளை வாசலோடு நிறுத்தும் வீடுகளில் நான் நேரே உள்ளறைக்குப் போவேன். மடிப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போது பெண்கள் மனதில் இருப்பதைப் பேசிவிடுவார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இரு என்றால் என்னால் ஆகாது.

எழிலரசன் என்னிடம் மாட்டியது ஒரு கல்யாணத்தில். காட்பாடிப் பையன். ஸ்ரீசிட்டியில் வேலை, சூளூர்பேட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். நண்பனின் கல்யாணத்துக்கு வந்தவன், பந்தியில் பாயசம் பரிமாறிய பவ்யாவைப் பார்த்தான். பார்த்தது மொத்தம் ஐந்து நிமிஷம். கை கழுவப் போகிற வழியில் என்னை நிறுத்தி, "அக்கா, அந்தப் பொண்ணு மனுஷியே இல்ல, சாமி" என்றான். சாமி அப்போது பாயச வாளியைத் தூக்க முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்து நடந்துகொண்டிருந்தது.

பவ்யா எனக்குத் தெரிந்த பெண். மாங்காய் மண்டியில் எடை போடும் முனிரத்தினம் அண்ணனுக்கு ஒரே மகள். தாய் இல்லை. அப்பாவும் பெண்ணும் மட்டும் இருக்கிற வீடு. அடுத்த வாரம் போனபோது, "உன்னை ஒருத்தன் பார்த்துட்டு மயங்கிக் கிடக்கிறான்" என்றேன். "யாரு?" என்றாள். அந்த ஒரு சொல்லை நான் எழிலரசனுக்குப் போனில் சொன்னபோது, "உன்னைப் பத்தியே கேட்டுக்கினு இருக்குது" என்று ஆகியிருந்தது.

மனிதர்களைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே தட்டினால் திறக்கும் என்று எனக்குத் தெரிந்துவிடும். தன்னால் ஒருத்தி வாடுகிறாள் என்று கேட்பது எழிலரசனுக்கு இனித்தது. பவ்யாவுக்கு இரக்கம் அதிகம். தெருவில் அடிபட்ட நாய்க்குட்டியைக் கண்டால் வீட்டுக்குத் தூக்கிவந்து பால் ஊற்றுகிறவள். ஆகவே இருவரிடமும் ஒன்றையேதான் சொன்னேன். "பாவம், உன்னை நெனச்சு நெனச்சு சோறே இறங்கல." சொன்னவுடன் இவள் முகமும், போனில் அவன் குரலும் மாறும். அந்த மாற்றத்தைக் கவனிப்பதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. வேறு எந்த லாபமும் நான் தேடவில்லை.

பையன் அவளுடைய நம்பரைப் பத்துத் தடவை கேட்டான். குடும்பத்துப் பெண், அதெல்லாம் ஆகாது என்றேன். நம்பரைக் கொடுத்துவிட்டால் நடுவில் எனக்கு என்ன வேலை? அவனுடைய அறைத் தோழன் சலீம், "ஒரு தடவை நேர்ல பேசிப் பாருடா" என்றானாம். நல்ல புத்திதான் சொன்னான். அதற்காக எழிலரசன் அவனோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சலீம், "நீ சொல்றதுதான்டா காதல்" என்று சொல்லி, ஊர் சுற்ற அவனுடைய பைக் சாவியை வாங்கிக்கொண்டான்.

மூன்று வாரத்தில் விஷயம் முற்றிவிட்டது. எழிலரசன் போன் செய்து, "வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கினு வாங்கக்கா. கோயில்ல கல்யாணம் பண்ணிக்கிறோம். விட்டா அந்தப் பொண்ணு செத்துரும்" என்றான். எனக்கே திக்கென்றது. பவ்யாவிடம் போய்ச் சொன்னேன். அவள் மறுப்பாள் என்றுதான் நினைத்தேன்.

பவ்யா மறுக்கவில்லை. "வரேன்னு சொல்லிடுக்கா" என்றாள்.

"பிடிச்சிருக்குதா உனக்கு?"

"தெரியலக்கா. நீ காட்டுன போட்டோதான் பார்த்திருக்கேன். நான் போகலன்னா அவரு செத்துருவாரு. அந்தப் பாவம் எனக்கு வேணாம். பெத்த நைனாவை நெனச்சாதான் கஷ்டமா இருக்குது."

அங்கேயே உட்கார்ந்து, "அதெல்லாம் நானா சொன்னதும்மா. அவன் நல்லாத்தான் துன்றான், தூங்குறான்" என்றேன். அவள் நம்பவில்லை. "நைனாவுக்குப் பயந்துக்கினு மாத்திப் பேசுறே" என்றாள். எழிலரசனுக்குப் போன் செய்து அவனிடமும் உண்மையைச் சொன்னேன். "பயப்படாதீங்கக்கா, உங்க பேரு வெளிய வராது" என்று எனக்கே தைரியம் சொன்னான். மூன்று வாரம் நான் அளந்ததையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்கள், ஒரு நாள் உண்மை சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அன்றிலிருந்து எனக்குத் தண்ணீர்கூடத் தொண்டையில் நின்றது.

முனிரத்தினம் அண்ணனிடம் சொல்லலாம் என்று இரண்டு முறை மண்டி வரைக்கும் போய்த் திரும்பினேன். பெண்ணைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஆகிவிட மனமில்லை, என்னைப் பற்றித் தெரிந்துவிடுமே என்ற பயமும்தான். கடைசியில் அவளோடு நானும் போவது என்று முடிவு செய்தேன். அவர்கள் கோயிலுக்குள் நுழைவதற்குள் எப்படியாவது தடுத்துவிட வேண்டும்.

வியாழக்கிழமை காலை, ப்ளவுஸ் துணி எடுக்கப் போகிறோம் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தோம். பவ்யாவின் பையில் இரண்டு செட் துணியும் அவள் அம்மாவின் போட்டோவும் இருந்தன. அண்ணன் வாசலில் நின்று, "மெதுவா போய்ட்டு வாங்க. செல்லியம்மா கூட இருக்கும்போது எனக்கு இன்னா பயம்?" என்றார். நான் செருப்பைப் போடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

பத்து மணிக்கே திருப்பதியில் இறங்கிவிட்டோம். பவ்யாவின் உதடு காய்ந்திருந்தது. ஒரு காப்பியாவது குடி என்று பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஓட்டலுக்குள் இழுத்துப்போனேன்.

மூன்றாவது மேசையில் எழிலரசன் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு காலித் தட்டுகள். கையில் பூரி. கிழங்கை அள்ளி வாய்க்குள் தள்ளிக்கொண்டே சர்வரிடம், "அன்னா, இன்கோ ப்ளேட்" என்று தெலுங்கில் இன்னொரு தட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். கல்யாணத்தில் பார்த்ததைவிடக் கன்னம் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

பவ்யா அப்படியே நின்றுவிட்டாள். மயங்கி விழப்போகிறாள் என்று நான் அவள் கையைப் பிடித்தேன். அவளோ முகமெல்லாம் மலர்ந்து, "அக்கா, அவரு துன்றாருக்கா! நல்லா துன்றாரு!" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்த ஆளைப் பார்த்த மாதிரி அப்படி ஒரு சந்தோஷம்.

எழிலரசன் நிமிர்ந்து பார்த்து, பூரியை விழுங்க முடியாமல் புரையேறி இருமினான். பவ்யா போய் எதிரே உட்கார்ந்து தண்ணீர் டம்ளரை நகர்த்தினாள்.

"நீங்க நடந்தா வந்தீங்க? போன வாரம் ட்ரிப்ஸ் ஏத்துனாங்களே உங்களுக்கு?"

"எனக்கா? எனக்கு இன்னா வந்துச்சு?"

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்று விடாமல். இந்த முறை நம்பினார்கள். எழிலரசனின் முகம் சிவந்தது. "அறிவிருக்குதாக்கா உங்களுக்கு? எங்கம்மாகிட்டகூட சொல்லாம கெளம்பி வந்தேன்" என்று கத்தினான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் இறங்கியது. பவ்யாவைப் பார்த்து, "உண்மையைச் சொல்லட்டுமா? நாலு நாளா எனக்குப் பயம். நீங்க செத்துருவீங்களோன்னுதான் வந்தேன்" என்றான்.

"நானும் அதுக்குத்தான் வந்தேன்" என்றாள் பவ்யா.

"அப்போ என்னைப் பிடிக்கலையா?"

"உங்களை இப்போதானே பார்க்குறேன்!"

அவன் சிரித்தான். இறுக்கிக் கட்டின கயிற்றை அவிழ்த்துவிட்டது போல் மூச்சு விட்டான். பவ்யா சர்வரைக் கூப்பிட்டுத் தனக்கும் பூரி சொன்னாள். என்னை அடுத்த மேசைக்குப் போகச் சொன்னாள். அங்கிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சூளூர்பேட்டைக் கொசுவைப் பற்றியும் மாங்காய் விலையைப் பற்றியும் பேசினார்கள். கிளம்பும்போது அவன் நம்பரை அவள் எழுதிக்கொண்டாள். "நைனாகிட்ட சொல்லிட்டு, பேசணும்னு தோணிச்சுன்னா நானே பேசுறேன். தோணலன்னா கோச்சுக்காதீங்க" என்றாள். "கோச்சுக்க மாட்டேன்" என்றவனின் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். கொஞ்சம்தான் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் பவ்யா சந்திரகிரி வருவதற்குள் தூங்கிவிட்டாள். சித்தூர் வரைக்கும் அவள் தலை என் தோளில் இருந்தது.

முனிரத்தினம் அண்ணன் மண்டியிலிருந்து சீக்கிரமே வந்திருந்தார். பவ்யா அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். அவர் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மூணு வாரமா அது முகமே சரியில்ல, செல்லியம்மா. இன்னான்னு கேட்டா சொல்லல. தாயி இருந்திருந்தா கேட்டுத் தெரிஞ்சிக்கினு இருப்பா. நீ ஒரு நாள் கூட்டிக்கினு போனதுக்கே சிரிச்சுக்கினு வருது. நீ நல்லா இருக்கணும்மா."

கையெடுத்துக் கும்பிட்டார். இன்றைக்குச் சாயங்காலம் இருட்டிக்கொண்டு வரும் வீட்டில் தனியாக உட்கார்ந்து, பெற்ற பெண் போய்விட்டாளே என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதிருக்க வேண்டிய மனிதர். அது அவருக்குத் தெரியாது. நான் அந்த இடத்திலேயே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு?" என்று அவர் பதறினார்.

நம்பும்படியாக நாலு காரணம் நாக்கு நுனியில் வந்து நின்றது. என் நாக்கு அப்படிப் பழகியது.

"சோறு இறங்கலண்ணா, நாலஞ்சு நாளா" என்றேன். "இப்போ பசிக்குது."

பவ்யா அதற்குள் எனக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.