எந்திர அறைக் கதவு

துறைமுகத்தில் நிரந்தரமாகக் கட்டிவைக்கப்பட்டிருந்த பழைய சரக்குக் கப்பலொன்றைக் கடல்சார் அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். அதைக் காண வந்தவர்களுள், கப்பற் பொறியாளராயிருந்து ஓய்வுபெற்ற ஒருவரும் அவர்தம் மனைவியும் இருந்தனர். கணவர் தம் வாழ்நாளில் பாதியைக் கழித்த எந்திர அறை எத்தகையது என்பதை அந்த அம்மையார் ஒருநாளும் கண்டதில்லை.

பொறியாளரால் திறந்து கிடக்கும் எதையும் கண்கொண்டு பார்க்க இயலாது. கப்பலில் ஒரு கதவைக் கடந்தால் உடனே அடைத்துவிட வேண்டும். ஓர் அறையில் புகுந்த நீர் அடுத்த அறைக்குப் போகலாகாது. அப்பழக்கம் கரைக்கு வந்தபின்னும் அவரை விட்டபாடில்லை. சட்டினிக் கிண்ணம் முதல் தெருக்கதவு வரை மூடிக்கொண்டே வருவார். மைத்துனியின் பிள்ளைகள் அவரைப் ‘பூட்டுப் பெரியப்பா’ என்றே அழைத்தனர்.

சுக்கான் அறையில் வழிகாட்டிப் பெண் ஒரு பித்தளைக் குழாயைக் காட்டினாள். எந்திர அறையிலிருந்து இதனுள் ஊதினால் இங்கே குழாய் வாயை அடைத்திருக்கும் மூடியிலுள்ள விசில் ஒலிக்கும் என்றும், உடனே மூடியை எடுத்துவிட்டுப் பேசுவார்கள் என்றும் விளக்கினாள். விசில் மூடி சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் திரும்பியதுதான் தாமதம், பொறியாளர் அதை எடுத்துக் குழாயின் வாயில் அழுத்தி அடைத்தார். மனைவி அவர் கையைக் கிள்ளினார்.

“சும்மா இருங்களேன். இது என்ன உங்க கப்பலா?”

“வாயத் தொறந்து போட்டா தூசி போகாதா? உனக்குச் சொன்னாப் புரியாது.”

நண்பகல் இடைவேளை நெருங்கவே மற்றவர்கள் கரைக்கு இறங்கினார்கள். ஒரு நொடியில் எந்திரத்தைக் காட்டிவிடுவதாக மனைவியிடம் கூறி, பொறியாளர் வழிகாட்டிக்குத் தெரியாமல் அவரைக் கீழ்த்தளத்திற்கு அழைத்துச் சென்றார். எந்திர அறையின் இரும்புக் கதவு கயிற்றால் கொக்கியோடு கட்டப்பட்டுத் திறந்திருந்தது. பேச்சு வாக்கிலேயே கயிற்றை அவிழ்த்தார். உள்ளே வந்ததும் கதவை இழுத்துச் சாத்தினார். வெளிப்புறத் தாழ் தானே விழுந்தது. உட்புறம் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் வண்ணம் பூசிய துளைகள் மட்டுமே இருந்தன. பார்வையாளர் விளையாடிவிடாதபடி அதைக் கழற்றியிருந்தார்கள்.

முதலில் அவர் சிரித்தார். சற்றைக்கெல்லாம் மேலே எவரோ விளக்குகளை அணைத்தார்கள். கும்மிருட்டு. இருவரும் கதவைத் தட்டிப் பார்த்தனர். கனத்த இரும்பு ஒலியை விழுங்கிவிட்டது. அதன்பின் அவர் பேசவில்லை. இருட்டில் அவருடைய மூச்சு கீச்சிடுவதை அம்மையார் கேட்டார். கணவருக்கு ஆஸ்துமா. இன்ஹேலரோ, வாசலில் ஒப்படைத்த கைப்பையில் இருந்தது.

அம்மையார் கைகளால் துழாவிக் கணவரைப் பிடித்துத் தரையில் உட்கார வைத்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“ஏங்க, ஏதாவது பேசுங்க. நீங்க பேசாம இருந்தா எனக்கு இன்னும் பயமா இருக்கு.”

“குழாய்... அந்தச் சுவத்துல இருக்கும்,” என்றார் அவர், சொல்லுக்குச் சொல் நின்று. “ஊது. எனக்கு மூச்சு பத்தாது.”

எண்ணெய்ப் பிசுக்கேறிய சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார் அம்மையார். முழங்கால் எதிலோ இடித்தது, வலி உறைக்கவில்லை. ஒருவழியாகக் குழாய் கைக்கு அகப்பட்டது. அதன் மூடி வண்ணப்பூச்சால் ஒட்டிப்போயிருந்தது. கொண்டையூசியால் விளிம்பைச் சுரண்டினார். பின்னால் கீச்சொலி குறுகிக்கொண்டே வந்தது. அது நின்றுவிடுமோ என்று ஒரு காதை அங்கேயே வைத்துக்கொண்டு நெம்பினார். நகம் பிய்ந்தது, மூடி பெயர்ந்தது.

தூசி வாயில் அப்ப, உதட்டை வைத்து அழுத்தி ஊதினார். மறுமொழி இல்லை. மீண்டும் ஊதினார். கண்ணில் பொறி பறந்தது. கணவரின் மூச்சொலி இப்போது கேட்கவேயில்லை. திரும்பி ஓடுவதா, ஊதுவதா என்று தெரியாமல், அழுதுகொண்டே இன்னொரு முறை ஊதினார்.

குழாய்க்குள்ளிருந்து நடுங்கும் குரலொன்று வந்தது.

“யா... யாரு அங்க?”

“கீழ மாட்டிக்கிட்டோம்மா. அவருக்கு மூச்சு முட்டுது. என் பைய எடுத்துக்கிட்டு ஓடி வா.”

விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. சுவரில் சாய்ந்திருந்த பொறியாளரின் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. அம்மையார் இன்ஹேலரை அவர் வாயில் வைத்து அழுத்தினார். முதல் முறை தவறியது. மறுமுறை உள்ளே போயிற்று. மெல்ல மெல்ல அவருடைய நெஞ்சு ஏறி இறங்கலாயிற்று.

வழிகாட்டிப் பெண்ணும் வியர்த்துப் போயிருந்தாள். கீழ்க்கதவு சாத்தியிருந்ததால் உடன் வேலைசெய்பவர் பூட்டிவிட்டார் என்று நினைத்து விளக்கை அணைத்ததாகவும், ஆளில்லாக் கப்பலில் விசில் ஊதியதும் பேயென்று ஓடப் பார்த்ததாகவும் சொன்னாள். அவளுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.

“நான் அந்த விசில மாட்டுறதே இல்லம்மா. எப்பவும் சும்மா தொங்கிக்கிட்டுத்தான் இருக்கும். குழாய்ல மாட்டலன்னா சத்தமே வராது. யாரு மாட்டினதுன்னே தெரியல.”

அம்மையார் கணவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

மருத்துவரிடம் போக வண்டி வந்தது. மனைவியின் தோளைப் பற்றி மெல்ல நடந்த பொறியாளர், அருங்காட்சியகத்தின் சிறிய வாயிற்கதவருகே நின்றார். அது திறந்து கிடந்தது. அவர் கை தானாக நீண்டது. பாதியில் அஞ்சிப் பின்வாங்கியது.

அம்மையார் கணவரின் மணிக்கட்டை இறுகப் பிடித்து வெளியே இழுத்தார்.

“மொதல்ல இந்தப் பக்கம் வாங்க. வந்துட்டு மூடுங்க.”