ழகரச் சோதனை

ஊதியதும் சிவப்பு எரிந்தது.

பேருந்துப் பணிமனையின் வாசலில் காலை வண்டிக்காக நின்ற ஓட்டுநர் வரிசை சட்டென்று எட்டிப் பார்த்தது. வண்டி எடுக்குமுன் எல்லோரும் அந்தக் கருவியில் ஊத வேண்டும். பச்சை என்றால் சாவி. சிவப்பு என்றால் குடித்திருக்கிறார் என்று அர்த்தம். முதல் முறை எச்சரிக்கை. இரண்டாம் முறை வேலை போய்விடும். இப்போது ஊதிய ஓட்டுநருக்குப் போன மாதமே ஒரு எச்சரிக்கை ஆகியிருந்தது.

"நான் குடிக்கல சார். சத்தியமா."

"குடிச்சவன் எவன்யா குடிச்சேன்னு சொல்லியிருக்கான்?" என்றார் மேற்பார்வையாளர்.

பின்னால் நின்ற நடத்துநர் ஓடி வந்தான். ஓட்டுநருக்கு மச்சான் முறை; மனைவியின் தம்பி.

"என்ன மாமா இது? அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"உங்கக்காதான்டா காரணம். பக்கத்துல போனாலே வாய் நாறுதுன்னு மூஞ்சியத் திருப்பிக்கிறா. கடையில மருந்து வாங்கிக் கொப்பளிச்சுட்டு வரேன். போன மாசமும் இப்படித்தான். வேற ஒண்ணும் இல்ல."

மேற்பார்வையாளர் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்குக் கருவியைவிடத் தன் சோதனையில்தான் நம்பிக்கை. கருவி வருவதற்கு முன்பே அவர் வைத்திருந்த சோதனை அது. குடித்த நாக்கு எதைச் சமாளித்தாலும் ழகரத்தைச் சமாளிக்காது என்பது அவர் கட்சி.

"சொல்லு பாப்போம். மழையில வாழை விழுந்தா தாழை அழுமா?"

ஓட்டுநர் வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் தபால்தலைபோல ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்தெடுத்துச் சொன்னார்.

"மளையில வாள... விளுந்தா..."

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"ழ எங்கய்யா? அடகு வச்சுட்டியா?"

மீண்டும் சொன்னார். இன்னும் மோசமாக வந்தது. இருந்த கொஞ்சநஞ்ச ஈரத்தையும் பயம் துடைத்துவிட்டது. மேற்பார்வையாளர் அவரைப் பணிமனை டாக்டரம்மாவின் அறைக்கு நடத்திக்கொண்டு போனார். மச்சானும் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.

டாக்டரம்மா முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "கொப்பளிக்கிற மருந்து சிலதுல ஆல்கஹால் இருக்கும். வாயில தங்கினாலும் கருவி சிவப்புதான் காட்டும். வெறும் தண்ணியில வாயக் கழுவிட்டுக் கொஞ்ச நேரம் உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தார்கள். மேற்பார்வையாளரின் விரல் மேசையில் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு மீண்டும் ஊதச் சொன்னார்கள். பச்சை.

"பாத்தீங்களா!" என்று மச்சான் துள்ளினான்.

"குதிக்காத" என்றார் மேற்பார்வையாளர். "கருவிக்கு மூக்குதான் இருக்கு. எனக்குக் காது இருக்கு. ழ ஏன் வரலன்னு காரணம் தெரியணும். தெரியாம சாவி தரமாட்டேன். சிவப்புன்னுதான் எழுதுவேன்."

டாக்டரம்மா ஒரு மரக்குச்சியை ஓட்டுநரின் கன்னத்துக்குள் வைத்தார். எடுக்கும்போது அது தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நாக்கில் விளக்கை அடித்தார். வெடிப்பு வெடிப்பாக இருந்தது.

"சாப்பாடு இறங்குதா?"

"தண்ணியோடதான் இறங்குது. ராத்திரியும் தண்ணிக்கு எழுந்துக்கறேன்."

"எச்சிலே இல்லையே உங்களுக்கு. பல்லைக் கழுவிவிடுறதே எச்சில்தான். அது இல்லாமதான் நாத்தம். கீழ ரெண்டு பல்லுல சொத்தை வேற விழுந்திருக்கு. நாத்தத்துக்குக் கொப்பளிச்சீங்க. அந்த மருந்து வாயை இன்னும் காய வச்சிருக்கு. எரியுற தீயில எண்ணெய். சர்க்கரை இருக்கா?"

"இல்ல. போன மாசம்தான் பாத்தாங்க."

"அப்ப ஏதாவது மாத்திரையா இருக்கும். என்ன சாப்பிடுறீங்க?"

ஓட்டுநர் சுவரைப் பார்த்தார். தூக்கம் வரவைக்கும் மருந்து சாப்பிடுபவர் வண்டி ஓட்டக் கூடாது என்று அங்கே கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. தூசித் தும்மலுக்காக அவர் மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கியது அப்படிப்பட்ட மாத்திரைதான். முதலில் ஒன்று போட்டார். தும்மல் நிற்கவில்லை என்று இரண்டாக்கினார். மூக்கு அடங்கியது. கண்ணும் கூடவே செருகியது.

டாக்டரம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, சொல்லாதே என்பதுபோல் மச்சான் தலையை இடமும் வலமும் ஆட்டினான். பிறகு வாயைத் திறந்தும் விட்டான்.

"பயந்தான் டாக்டர். பயந்தா எனக்கே நாக்கு ஒட்டிக்கும்."

"உங்களக் கேக்கலையே."

ஆனாலும் வழியைத் திறந்து வைத்துவிட்டான். ஆமாம், பயம் என்று ஒரு தலையாட்டல் போதும். சாவி கைக்கு வந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே அவர் வண்டி நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன் இருக்கைக்கு முண்டிக்கொண்டிருந்தார்கள். நேற்றுப் பாலத்து வளைவில் அவர் கண் ஒரு கணம் மூடித் திறந்தது. மச்சானுக்குக்கூட அது தெரியாது.

சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"தும்மலுக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு."

மச்சான் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "வறட்சியும் இதாலதான், தூக்கமும் இதாலதான். இத நிறுத்துங்க. தூக்கம் வராத வேற மருந்து தரேன். கொப்பளிக்கிறதத் தூக்கிப் போடுங்க. அடிக்கடி ஒரு வாய் தண்ணி, சர்க்கரை இல்லாத சூயிங்கம். பல் டாக்டரையும் பாருங்க. எச்சில் திரும்ப ஊறும். ஆனா நான் பாத்துச் சரின்னு சொல்ற வரைக்கும் ஸ்டியரிங் பக்கம் போகாதீங்க."

"குடிகாரன்னு எழுதல" என்றார் மேற்பார்வையாளர். குரலில் பாதிக் காரம்தான் இருந்தது. "மாத்திரைய மறைச்சதுக்கு விளக்கம் கேப்பாங்க. அதுக்கு நீதான் பதில் சொல்லணும். டாக்டரம்மா சரின்னு சொல்ற வரைக்கும் வண்டி கழுவுற பக்கம் போ."

வெளியே மாற்று ஓட்டுநர் சாவியோடு ஏறிக்கொண்டிருந்தார். இவர் போய் வண்டியின் ஜன்னலோரம் நின்றார்.

"ரெண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். அவசரப்படுத்தாத."

"சரிண்ணே."

மச்சான் படியில் தொற்றியபடி திரும்பினான். முகத்தில் கோபம் இறங்கவில்லை.

"அக்காகிட்ட நீங்களே சொல்லிக்குங்க. என்னைய இழுக்காதீங்க."

"சொல்லிக்கறேன். நீ விசில அடி."

விசில் ஒலித்தது. வண்டி வாசலைத் தாண்டித் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனார்.