குப்புறப் படுத்த பிள்ளை

"முதல் குழந்தையா?" என்று கேட்டார் ஸ்கேன் டாக்டர். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "ஆமா டாக்டர், முதல்தான்."

எங்கள் வீட்டில் அவருக்கு ரேடியோ என்று பெயர், என் அக்கா வைத்தது. பயம் வந்துவிட்டால் சத்தம் கூடிவிடும். தண்ணீர் மோட்டார் மக்கர் பண்ணிய கதையைக் காலையிலிருந்து திரும்பத் திரும்ப என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், இந்த ஒன்றை மட்டும் ஒத்திகை பார்த்து வந்திருக்கிறார். நான் மறுக்கவில்லை. அதற்குக் கோபம் வேண்டும், கோபப்படத் தெம்பு வேண்டும்.

போன வருடமும் இதே அறைதான், இதே மூன்றாம் மாதம்தான். டாக்டர்தான் வேறு. குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் தேங்கியிருக்கும் நீரை அளந்துவிட்டு, "கொஞ்சம் அதிகமா இருக்கு" என்றார். அடுத்த மாதம் துடிப்பு நின்றுபோனது. அப்புறம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு உள்ளே மரத்துப்போனது. இந்தத் தடவை உண்டாகியிருக்கிறேன் என்று தெரிந்தபோதுகூட, "சரி" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனேன்.

"ஜெல் கொஞ்சம் சில்லுனு இருக்கும்" என்றார் டாக்டர். இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

கருவியை வயிற்றில் அழுத்தி நகர்த்தினார். "துடிப்பு நல்லா இருக்கு. ஆனா குப்புறப் படுத்திருக்கு. இப்படி இருந்தா கழுத்தை அளக்க முடியாது. ஒரு தடவை இருமுங்க."

இருமினேன். அது அசையவில்லை.

"சரியான தூக்கம். கொஞ்சம் நடந்துட்டு, ஏதாவது இனிப்பா குடிச்சிட்டு வாங்க. திரும்பிடும்."

ரேடியோ கீழே ஓடிப்போய் ஜூஸ் பாக்கெட் வாங்கி வந்தார். உறிஞ்சு குழாயைக்கூட அவரே குத்திக் கொடுத்தார்.

"எனக்கு வேணாம். நீங்க குடிங்க."

"டாக்டர் உனக்குத்தானே சொன்னாங்க?"

"குமட்டுது."

குமட்டவில்லை. அவர் பாவம், கையில் இருந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் தானே உறிஞ்சிக் குடித்தார். குடித்து முடித்ததும் மறுபடியும் மோட்டார் கதை. நான் நடக்கவும் இல்லை. வராந்தாக் கோடியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு ஆள் காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தான். திரும்பினால்தான் அளப்பார்கள், அளந்தால்தான் ஏதாவது சொல்வார்கள். அதுவரை ஒன்றும் ஆகவில்லை. வயிற்றில் கைவைத்து, "திரும்பாதே" என்றேன். "அப்படியே படுத்திரு. யார் சொன்னாலும் கேக்காதே."

நர்ஸ் வந்து கூப்பிட்டார்.

மறுபடியும் படுக்கை, மறுபடியும் ஜெல். டாக்டர் இருமச் சொன்னார். ஒப்புக்கு மெல்ல இருமினேன். திரையில் அது சோம்பல் முறிப்பது போல ஒரு உதறு உதறி, மல்லாந்து படுத்துக்கொண்டது. என் பேச்சைக் கேட்கவில்லை.

டாக்டர் அளந்தார். அழித்துவிட்டு மறுபடி அளந்தார். ரேடியோ மூச்சுகூட விடவில்லை. நான் கூரையிலிருந்த குழல்விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நார்மலாத்தான் இருக்கு. ரத்த டெஸ்ட் ரிசல்ட்டும் வரட்டும், ஆனா இதுல பயப்பட ஒண்ணுமில்ல."

சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ரேடியோதான் மறுபடி பாட ஆரம்பித்தது. "நான் சொன்னேன்ல? காலையிலயே சொன்னேன்ல?" காலையில் அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை, மோட்டாரைப் பற்றித்தான் சொன்னார்.

டாக்டர் சிரித்துக்கொண்டே டிஷ்யூ காகிதத்தை நீட்டினார். "முதல் பிள்ளையே இவ்வளவு அடமா? உங்களைப் படுத்தப்போகுது பாருங்க."

"இது ரெண்டாவது, டாக்டர்" என்றேன். யாரோ பேசுவது போல இருந்தது. "முதல் பிள்ளை ஒரே இருமல்ல திரும்பிடுச்சு. சொன்ன உடனே. ரொம்ப சமத்து."

என் வீட்டுக்காரர் என் கையிலிருந்த டிஷ்யூவை வாங்கி வயிற்றைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். ஜெல் சில்லென்று இருந்தது.

"ஆமா டாக்டர்" என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டாவதுதான்."