திரையை இழுத்தால் விழும் பிரேக்கர்

ஊரில் பாதி வீட்டு ஏசிகளுக்கு வைத்தியம் பார்த்த மெக்கானிக்குக்கு, சொந்த அக்கா வீட்டு ஏசி மட்டும் வசத்துக்கு வரவில்லை.

அத்தான் மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தார். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. ஏசி நின்றால் கட்டுக்குள் வேர்த்து அரிப்பெடுக்கும். ஒரு பின்னல் ஊசியை உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டே மச்சானுக்குப் போன் போடுவார்.

"மறுபடியும் டக்குனு விழுந்துடுச்சு மச்சான். வாத்தியார் பிள்ளை மக்குங்கிற கதையால்ல இருக்கு."

விழுவது பிரேக்கர். கரண்ட் எங்காவது கசிந்தால் வீட்டு இணைப்பையே தானாகத் துண்டித்துவிடுகிற ரகம். மெக்கானிக் காலையிலோ வேலை முடிந்து சாயங்காலத்திலோ வந்து பார்ப்பான். அப்போதெல்லாம் ஏசி ஒன்றும் அறியாத பிள்ளைபோல் ஜில்லென்று ஓடும். வெளி யூனிட்டைக் கழற்றிச் சுத்தம் செய்தான். கெப்பாசிட்டரை மாற்றினான். கம்ப்ரஸர் ஒயர்களை மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தான். கடைசியில் பிரேக்கரையே புதிதாகப் போட்டான். கொஞ்ச நாள் சும்மா இருக்கும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்.

"வோல்டேஜ் ஏறி இறங்குது போல, அத்தான்."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றார் அவர், ஊசியை எடுக்காமலே.

அன்றைக்கு உச்சி வெயிலில் மறுபடி போன். ஒரு கடையில் பாதி பிரித்துப் போட்டிருந்த வேலையை விட்டுவிட்டு, கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். வந்து பிரேக்கரைத் தூக்கிவிட்டதும் ஏசி சமர்த்தாக ஓடியது. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பாரேண்டா" என்றாள் அக்கா.

"எனக்கு ஒண்ணும் வேணாம்க்கா."

"நான் சொல்றதக் கேளு" என்றார் அத்தான் படுக்கையிலிருந்து. "அந்தச் சனியனத் தூக்கிப் போட்டுட்டு நேரா கனெக்‌ஷன் குடு. எங்க பழைய வீட்ல இதெல்லாம் இருந்துச்சா? நாங்க யாரும் செத்தா போயிட்டோம்?"

வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பான். அப்படிக் கேட்டவர்களிடம் சண்டையே போட்டிருக்கிறான். ஆனால் அன்று அவன் பொறுமை தேய்ந்து காணாமல் போயிருந்தது. "சரி, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு நடைவழிக்குப் போய் போர்டின் மூடியைக் கழற்றினான். ஒரு துண்டு ஒயரை நறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மெயினை அணைக்கக் கையை நீட்டினான்.

அவன் விரல் படுவதற்குள் பிரேக்கர் அவன் கண்ணெதிரிலேயே டக்கென்று விழுந்தது.

"என்ன பண்ணீங்க அங்க?"

"யாரும் ஒண்ணும் பண்ணலியே" என்று அறைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "அவர் மூஞ்சியில மத்தியான வெயில் அடிக்குதேன்னு திரைய இழுத்து விட்டேன்."

அவன் பிரேக்கரைத் தூக்கிவிட்டு அறை வாசலுக்கு வந்தான்.

"இன்னொரு தடவ இழு. எதையும் தொடாத, துணிய மட்டும் பிடிச்சு இழு."

இழுத்தாள். டக்.

மெயினை அணைத்துவிட்டு, திரைக்கம்பியைத் தாங்கியிருந்த கொக்கியைச் சுவரிலிருந்து கழற்றினான். ஸ்க்ரூ வந்துகொண்டே இருந்தது, விரல் நீளத்துக்கு. நுனி கருகியிருந்தது. ஓட்டைக்குள் டார்ச் அடித்தால், சுவருக்குள் ஏசிக்குப் போகிற ஒயர் தோலுரிந்து செம்பு தெரிந்தது. திரையைச் சற்றுப் பலமாக இழுக்கும்போதெல்லாம் ஸ்க்ரூ அசைந்து ஒயரைத் தொட்டிருக்கிறது. கொக்கியின் அடிப்பாகமோ அதுவரை ஜன்னல் கம்பிமேல் சாய்ந்து கிடந்தது; கரண்ட் அந்தக் கம்பிக்கும் பாய்ந்திருக்கிறது.

"இத யாரு மாட்டினது?"

அத்தானின் ஊசி நின்றது. "நான்தான். கெட்டியா நிக்கட்டுமேன்னு நீள ஸ்க்ரூவாப் போட்டேன்."

"தினமும் இந்த ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டுத்தானே குப்பை வண்டி வருதான்னு எட்டிப் பாக்கறேன்" என்றாள் அக்கா மெதுவாக.

மெக்கானிக் சட்டைப் பையிலிருந்த ஒயர்த் துண்டை எடுத்துப் பார்த்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். பிரேக்கர் ஒவ்வொரு தடவையும் தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. அதன் கழுத்தை நெரிக்கத்தான் அவன் ஒயரை நறுக்கி வைத்திருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால்? அதற்கு மேல் நினைக்க முடியாமல் அக்காமேல் பாய்ந்தான்.

"திரைய இழுத்தா விழுதுன்னு முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"திரைக்கும் ஏசிக்கும் என்னடா சம்பந்தம்? எனக்கெப்படித் தெரியும்?"

தெரிந்திருக்க வேண்டியவன் அவன்தான். ஏசியைத்தான் அக்கக்காகப் பிரித்தானே தவிர, அதற்குக் கரண்ட் வரும் வழியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அறைக்குள் அதற்குள்ளாகவே புழுக்கம் ஏறிவிட்டது.

"அப்போ இன்னிக்கு ஏசி ஓடாதா?" என்று அத்தான் தணிந்த குரலில் கேட்டார்.

"ஓடாது. சுவத்த உடைச்சு ஒயர மாத்தணும்."

அக்கா ஒரு போர்வையைக் கொண்டுவந்து, தூசி படாமல் கணவரின் கால்மேல் விரித்தாள். மெக்கானிக் உளியைச் சுவரில் வைத்து, முதல் அடியை வேண்டியதைவிடப் பலமாகவே போட்டான்.