நேரம் பென்சிலில், கையெழுத்து பேனாவில்

“13 ஆகஸ்ட் 2024, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். பென்சிலில் எழுத வேண்டியதைப் பேனாவில் எழுதிவிட்டேன்.”

குன்னூர் கம்ப்யூட்டர் சென்டரில் மாலை வகுப்பு தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. ஜோதிமணி இதை டைரியில் எழுதிவிட்டு, ‘தவறு’ என்பதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடலாமா என்று யோசித்தாள். போடவில்லை. அவளுக்கே நிச்சயமில்லை.

அவளுக்கு வேலை ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், பச்சை இலையை விசிறிக் காற்றில் வாட்டும் மாடியில். இலை பரப்பும் தொட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். விசிறி எப்போது நின்றது, அதை எத்தனை மணிக்கு ஆபீசில் சொன்னது எல்லாம் அதில் ஏற வேண்டும். நேரங்கள் பென்சிலில், கையெழுத்து பேனாவில். அங்கே அதுதான் வழக்கம். பிறகு மேனேஜர் கருணாகரன் நேரங்களைப் பேனாவில் ‘சுத்தமாக’ எழுதிக்கொள்வார். சேர்ந்த எட்டு மாதத்தில் ஏன் என்று அவள் கேட்டதே இல்லை.

இன்று பதினொன்று பத்துக்கு மூன்றாம் தொட்டியின் விசிறி நின்றது. பதினொன்றே காலுக்கு ஆபீசுக்கு ஓடிச் சொன்னாள். “பாத்துக்கலாம் போங்க” என்றார் கருணாகரன், போனிலிருந்து தலையைத் தூக்காமல். எலக்ட்ரீஷியன் வேலாமணி வந்தபோது மணி இரண்டு. அதற்குள் இலை சூடேறி அடியில் சிவந்துவிட்டது. பென்சில் முனை முறிந்த அவசரத்தில் இரண்டு நேரத்தையும் பேனாவிலேயே எழுதிவிட்டாள்.

மூன்றரைக்குக் கருணாகரன் கூப்பிட்டார். எப்போதும் நிற்கவைத்தே பேசுகிறவர் நாற்காலியைக் காட்டினார். டீ வந்தது. வடையும் வந்தது. அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“ஏனுங்க ஜோதிமணி, ஆபீசுல பென்சிலுக்குப் பஞ்சமுங்களா?” என்று சிரித்தபடி புதுத் தாள் ஒன்றை நகர்த்தினார். “விசிறி நின்ன நேரம் அப்படியே இருக்கட்டும். தகவல் சொன்ன நேரம் எழுதற கட்டத்தை மட்டும் காலியா விட்டுட்டு, கீழ கையெழுத்துப் போட்டுருங்க. நாளைக்குக் கோயம்புத்தூர்ல இருந்து முதலாளி வர்றாரு. நான் பேசிக்கறேன்.”

“பழைய தாள் எங்கீங்க சார்?”

“அது எதுக்குங்க இப்ப?”

சிரிப்பு சட்டென்று நின்றிருந்தது. “காலையில தர்றேனுங்க” என்று தாளை மடித்துக்கொண்டு எழுந்தாள். வடையைத் தொடவில்லை.

வெளியே பேக்கிங்கில் வேலை செய்யும் ஜெஸிந்தா நின்றாள். ஒரு நாளும் தானாக வந்து பேசாதவள்.

“போட்டுக் குடுத்துரு புள்ள. உனக்கு முன்னால இருந்த தபித்தாளும் இப்படித்தான் கேள்வி கேட்டா. இப்ப ஊட்டுல உக்காந்து டிவி பாக்கறா.”

உள்ளே பேசியது இவளுக்கு எப்படித் தெரியும்? தானாகச் சொல்கிறாளா, சொல்லச் சொன்னார்களா?

பஸ் ஸ்டாப்பில் வேலாமணியைப் பிடித்தாள். “அண்ணா, பதினொண்ணே காலுக்கு எங்கீங்க இருந்தீங்க?”

“மேனேஜர் ஊட்டுல. கீசர் ஓடலையாமா. இலை வெந்தா வேகட்டும், அவரு முதுகு குளிரக் கூடாதல்ல?”

“முதலாளிகிட்டச் சொல்லுவீங்களா?”

வேலாமணியின் சிரிப்பு போய்விட்டது. “நானாப் போய்ச் சொல்ல மாட்டேன் கண்ணு. ரெண்டு புள்ளைங்க படிக்குது. அவரா என்னையக் கேட்டா, பொய் சொல்ல மாட்டேன்.”

வகுப்பில் தாளை விரித்துப் பார்த்தாள். கடிகாரத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டோமோ? இல்லை, பதினொரு மணி டீ முடிந்து டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலிக் கட்டத்தில் மேனேஜர் இரண்டு மணி என்று ஏற்றினால், மூன்று மணி நேரம் வாய் திறக்காமல் இலையைக் கெடுத்தவள் அவள்தான். கீழே அவள் கையெழுத்தே சாட்சி. அதோடு வேலை போகும். எட்டு மாதத்துத் தாள்களில் ஏற்கெனவே என்னென்ன ஏறியிருக்கிறதோ?

கம்ப்யூட்டர் சார் வகுப்புக்குள் வந்துவிட்டார். அவள் அவசரமாக எழுதினாள்:

“நாளை: ஏழரை பஸ்ஸில் போக வேண்டும். கையெழுத்துப் போடக் கூடாது. முதலாளி வந்ததும், பதினொன்றே காலுக்கு எங்கே இருந்தீர்கள் என்று வேலாமணி அண்ணனையே கேட்கும்படி அவரிடம் சொல்ல வேண்டும்.”